கரையில் நிற்பவர் யார்?

அன்பிற்குரிய சபையாரே,

நம் ஏரிகளில் பனிக்கட்டி உருகி மூன்று வாரங்கள் ஆகின்றன. மினசோட்டாவில் வாழ்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். சாலையெங்கும் டிரெய்லர்களின்மேல் படகுகள் ஊர்ந்து செல்கின்றன. வீட்டு முற்றங்களில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையைச் சுமந்தபடி பழைய படகுகள் வரிசையாய் நிற்கின்றன.

சென்ற மாதம் ஆராதனை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் சபைச் சகோதரர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு படகுகளின் படங்கள் இருந்தன. ஒன்று டெக் படகு. மற்றொன்று பான்டூன் படகு. இரண்டும் பிறர் வைத்திருந்து விற்பவை. “ஐயா, இந்த இரண்டில் எதை வாங்கலாம்? ஒரு மாதமாக வீட்டில் இதே வழக்கு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். படகு வாங்குவதற்குப் போதகனின் தீர்ப்பு எதற்கு என்று தோன்றிற்று. ஆனால் வீடு திரும்பும் வழியில், சிரித்தது தவறு என்று உணர்ந்தேன். ஒரு குடும்பம் ஒரு பொருளைக் குறித்து ஒரு மாதம் வழக்காடுகிறது என்றால், அந்த வழக்கு பெரும்பாலும் அந்தப் பொருளைப் பற்றியது மட்டுமாக இருப்பதில்லை.

ஆகவே அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இவ்வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டளை அன்று, என் கருத்து. வசனம் காட்டி எவரையும் ஒரு படகுக்குள் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. வாசித்து, நிதானித்து, உங்கள் மனச்சாட்சிக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்.

இரண்டு படகுகள்

படகுகளில் பழக்கம் இல்லாதவர்களுக்காக முதலில் சில வரிகள்.

டெக் படகின் உடல் ஃபைபர்கிளாஸால் ஆனது. அதன் அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற வடிவில் தண்ணீரைப் பிளந்துகொண்டு செல்லும். சாதாரண வேகப்படகின் முனையைப் போலக் குறுக்கிவிடாமல் முன்பகுதியை அகலமாக விட்டிருப்பார்கள். அதனால் அதிகமானோர் அமரலாம். வேகம் உண்டு, அலையைத் தாங்கும், திருப்பும்போது அழகாகச் சாய்ந்து திரும்பும், நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கு ஏற்றது.

பான்டூன் படகு வேறு வகை. முனைகள் அடைக்கப்பட்ட நீண்ட அலுமினியக் குழாய்கள் இரண்டு, சில மாதிரிகளில் மூன்று, தண்ணீரில் மிதக்கும். அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் தட்டையான பிளைவுட் தளம், சுற்றிலும் வேலி, வேலியில் வாயிற்கதவுகள், உள்ளே இருக்கைகள், மேலே துணிக்கூரை. மிதக்கும் திண்ணை என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். பெரும்பாலான படகுகளில் குழாய்களுக்குள் தடுப்புகள் வைத்துத் தனித்தனி அறைகளாக்கியிருப்பார்கள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்ற அறைகள் படகைத் தாங்கும்.

இந்தப் படகு நம் மாநிலத்துப் பிள்ளை என்பதைப் பலர் அறியார். 1950களின் தொடக்கத்தில், ரிச்மண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, எஃகுப் பீப்பாய்களை இரண்டு வரிசைகளாகப் பற்றவைத்து, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் இறக்கினார். அகன்ற தளம் சிறு படகைவிட நிலையாய் நிற்கும் என்பதே அவருடைய எண்ணம். பின்னர் அதுவே அவருடைய தொழிலாயிற்று.

இரட்டை உடல் கொண்ட படகுகளை ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பார்கள். அது நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து சென்றது. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் கிடையா. அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆயினும் மிதப்பவற்றைச் சேர்த்து அவற்றின்மேல் அமரும் யோசனை நம்மவர்க்குப் புதிதன்று. இதைக் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன், பின்னால் விளங்கும்.

என் முதல் கருத்து

அந்தக் குடும்பத்தில் அறுவர் இல்லை, ஐவர்: சகோதரர், அவர் மனைவி, 16 வயது மகன், எட்டு வயது மகள், சகோதரரின் தாயார். தாயாருக்கு 77 வயது. கணவர் மறைந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றிலிருந்து இங்கே வந்தவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் வாக்கர் உதவியோடு நடக்கிறார்.

டெக் படகு 2016ஆம் ஆண்டு மாதிரி. 21 அடி நீளம். விலை 27,000 டாலர். பான்டூன் 2011ஆம் ஆண்டு மாதிரி. 22 அடி நீளம். 90 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின். டிரெய்லரோடு சேர்த்து 16,500 டாலர். மகன் டெக் படகுக்காக வாதாடினான். தாய் விலையை எண்ணித் தயங்கினார். தந்தை இருவருக்கும் நடுவில் நின்றார். பாட்டியிடம் எவரும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டபோது நான் முதலில் டெக் படகின் பக்கமே சாய்ந்தேன். மறைப்பதற்கில்லை. “பையன் இன்னும் இரண்டு கோடைகளே உங்கள் வீட்டில் இருப்பான், பிறகு கல்லூரிக்குப் போய்விடுவான். அவன் விரும்பிக் குடும்பத்தோடு நேரம் செலவிடக் கூடியதை வாங்குங்கள்” என்றேன். ஒரு போதகன் சொல்லத்தக்க நல்ல ஆலோசனை என்றே அப்போது நினைத்தேன். அந்த வாதத்தில் இன்றும் உண்மை உண்டு. ஆனால் அதில் ஒருவர் விடுபட்டிருந்தார். அவர் விடுபட்டதை நானும் கவனிக்கவில்லை.

நேரில் கண்டவை

இம்மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு படகுகளையும் பார்க்கச் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். பாட்டியைத் தனியே விட இயலாததால் அவரும் காரில் வந்தார்.

டெக் படகு ஒரு விற்பனை நிலையத்தில் டிரெய்லரின்மேல் நின்றது. மெருகேற்றப்பட்டுக் கண்ணாடிபோல் மின்னிற்று. மகனின் முகமும் மின்னிற்று. சகோதரர் உள்ளே ஏறி நடந்தார். பின்புற மூலையில் அவர் குதிகால் பட்ட இடம் சற்றே உள்வாங்கியது. “விரிப்புக்குக் கீழே மெத்தை இருக்கிறது, அதனால்தான்” என்றார் விற்பவர். அப்படியும் இருக்கலாம். தளத்துக்கு அடியில் இருக்கும் மரம் நீர் ஊறி உளுத்திருந்தாலும் கால் அவ்வாறே உள்வாங்கும். ஃபைபர்கிளாஸ் படகுகளில் பலவற்றுக்கு உள்ளே மரச் சட்டங்கள் உண்டு; அவற்றின் நிலை வெளிமெருகில் தெரியாது.

அந்தப் படகில் இருந்தது ஸ்டெர்ன் டிரைவ் வகை எஞ்சின். எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கும். சுழலியை இயக்கும் பகுதி பின்சுவரைத் துளைத்து வெளியே நிற்கும். இடையில் நீர் புகாதபடி மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகள் காக்கின்றன. அவை நாளடைவில் வெடிக்கும். வெடித்தால் ஏரி நீர் படகுக்குள் வரும். இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் குளிர்விக்கும் நீர் ஏரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. குளிர்காலத்துக்கு முன் அந்த நீரை முற்றிலும் வடிக்காமல் விட்டால், அது உறைந்து விரிந்து எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். நம் ஊர்க் குளிரில் இது சிறு காரியமன்று. அவுட்போர்டு எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் அதன் நீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

“ரப்பர் உறைகளை எப்போது மாற்றினார்கள்? ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்துக்கு முன் நீரை வடித்ததற்குக் குறிப்பு உண்டா?” என்று சகோதரர் கேட்டார். விற்பவரிடம் பதில் இல்லை. அந்தப் படகு கெட்டது என்று இதனால் நான் தீர்ப்பிடவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது என்பதே உண்மை. தெரியாத ஒன்றுக்கு அவர்கள் 27,000 டாலர் விலை கூறினார்கள்.

நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம். அந்த நேரம் முழுவதும் பாட்டி காரிலேயே அமர்ந்திருந்தார். அவரை ஏற்றிப் பார்க்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வழியில்லை. உயர்ந்த விளிம்பைத் தாண்டி, இருக்கையின்மேல் கால் வைத்து, பிறகு கீழே இறங்க வேண்டும். அவருடைய முழங்கால் அதற்கு இடங்கொடாது.

பிறகு பான்டூனைப் பார்க்கச் சென்றோம். நகரத்துக்கு வடமேற்கே ஒரு சிறிய ஏரி. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். படகு அவருடைய வீட்டுப் படகுத்துறையில் மிதந்துகொண்டிருந்தது. இருக்கைகள் வெயிலில் நிறம் மங்கியிருந்தன. முன்பக்க இருக்கை ஒன்று கிழிந்திருந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டுத் தந்தையைப் பார்த்தான்.

அந்த மனிதர் விலையைப் பேசுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எஞ்சின் எண்ணெய் மாற்றிய நாள்கள், எஞ்சின் ஓடிய மணிகள், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் படகைக் கரையேற்றிய தேதி, எல்லாம் கையெழுத்தில் இருந்தன. “இடப்பக்கக் குழாயின் பின் அறையில் ஒருமுறை நீர் கசிந்தது. பற்றவைத்துச் சரிசெய்தேன். அதற்குப் பின் கசியவில்லை. நீங்களே பாருங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டோம். கேட்காத குறையை அவரே சொன்னார்.

ஏரியில் ஒரு சுற்று போய்வரலாம் என்று அழைத்தார். பாட்டி அப்போது காரிலிருந்து இறங்கிக் கரைப் புல்லில் நின்றிருந்தார். மகன் திரும்பிப் பார்த்ததும், அவர் கேட்பதற்கு முன்பே, “நான் கரையில இருந்துக்கிடுதேன் மக்களே, நீங்க போய்ட்டு வாங்க” என்றார்.

அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. பழக்கம் இருந்தது. ஆயிரம் முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்போல் வந்தது.

படகின் உரிமையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்ததைப் புரிந்துகொண்டார். படகை முன்னும் பின்னும் கயிற்றால் துறையோடு இறுக்கிக் கட்டினார். முன் கதவைத் திறந்தார். இடைவெளியின்மேல் சிறிய பலகை ஒன்றை வைத்தார். துறையும் படகுத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. பாட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு, நம் சபை வாயிலில் நுழைவதுபோல், நடந்து உள்ளே போனார்.

அன்று மாலைதான் சகோதரர் என்னிடம் சொன்னார். அவருடைய தாயார் மீனவர் வீட்டில் பிறந்து மீனவருக்கு வாழ்க்கைப்பட்டவர். தகப்பன், தமையன்மார், கணவர் எல்லாரும் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடலுக்குப் போனவர்கள். அவர்களுடைய ஊரில் பெண்கள் தொழிலுக்குக் கடலேறுவதில்லை; கூடையோடு கரையில் காத்திருப்பார்கள். 77 ஆண்டுகள் தண்ணீரின் அருகே வாழ்ந்தும் அவர் ஒரு படகிலும் ஏறியதில்லை. புயல் நாள்களில் கரையில் நின்ற நேரங்களை அவர் எவரிடமும் பேசுவதில்லையாம்.

ஏரி நடுவே எஞ்சினை நிறுத்தியபோது அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, “இது ஆடவே இல்லியே மக்களே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பேத்தி அவருக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் கேட்கச் சொல்வது

ஆகையால், சபையாரே, என் கருத்து இதுதான். குடும்பத்துக்காகப் படகு வாங்குகிறவர்கள் வேகம், நீளம், மெருகு ஆகியவற்றைக் கேட்பதற்கு முன், “இந்தப் படகு யாரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போகும்?” என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் கரையில் நிற்க நேர்பவர்கள் பெரும்பாலும் முறையிட மாட்டார்கள். “நீங்க போய்ட்டு வாங்க” என்று அவர்களே நம் வேலையை எளிதாக்கிவிடுவார்கள். அவர்கள் எளிதாக்கிவிடுவதால்தான் நாம் கேட்டாக வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை அற்பமானவை அல்ல.

மகனுடைய ஆசை தவறானதன்று. பாட்டிக்குக் கோடைகள் குறைவு என்றால் பேரனுக்கும் அந்த வீட்டில் கோடைகள் குறைவே. 90 குதிரைத்திறன் கொண்ட பான்டூன் ஒரு காற்றடைத்த டியூபை இழுக்கும். புதிதாய் நீர்ச்சறுக்குக் கற்பவரையும் இழுக்கக் கூடும். டெக் படகின் பாய்ச்சலும் வளைவும் அதில் கிடையா. “இரண்டும் ஒன்றுதான்” என்று பிள்ளையிடம் சொல்லி ஏமாற்றக் கூடாது. அவன் ஒன்றை இழக்கிறான் என்பதை ஒப்புக்கொண்டு, கோடையில் இரண்டு நாள்கள் வேகப்படகு வாடகைக்கு எடுத்து அவனோடும் அவன் நண்பர்களோடும் செலவிடுங்கள் என்று தந்தையிடம் சொன்னேன். ஆண்டுக்கு இரண்டு நாள் தேவைக்கு வாடகை போதும். வாரந்தோறும் வரும் தேவைக்கே சொந்தப் படகு.

தண்ணீரையும் எண்ண வேண்டும். மில் லாக்ஸ் போன்ற மாபெரும் ஏரியில் காற்றெழும்பினால் அலைகள் குட்டையாயும் நெருக்கமாயும் வரும். இரண்டு குழாய்ப் பான்டூனுக்கு அது தகுந்த இடமன்று. அங்கே அடிக்கடி செல்பவர்களுக்கு ‘வி’ அடிப்பாகம் கொண்ட படகே நலம். உயரமான வேலியும் கூரையும் காற்றைப் பாய்போல் பிடிப்பதால், பான்டூனைத் துறையில் சேர்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். இளவயதினர் மட்டுமே உள்ள வீட்டில், பெரிய ஏரியில் ஓட்டுபவர்கள், நன்கு பராமரித்த டெக் படகை வாங்கினால் நான் குறை கூற மாட்டேன். அந்த வீட்டில் என் கேள்விக்கு விடை வேறு, கேள்வி ஒன்றே.

பணத்தைக் குறித்து

வாங்கும் விலை முதற்செலவு மட்டுமே. காப்பீடு, குளிர்கால நிறுத்துமிடம், எரிபொருள், எஞ்சின் பராமரிப்பு, டிரெய்லர் டயர்கள், பதிவு என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். நம் மாநிலத்தில் படகு தண்ணீரில் இருக்கும் காலம் ஏறக்குறைய ஐந்து மாதங்கள். எஞ்சிய மாதங்களில் அது மூடிய துணிக்குள் நிற்கும்; கடன் தவணை நிற்காது. படகுக்காகப் பத்தாண்டு, பதினைந்தாண்டுக் கடன் தர முன்வருபவர்கள் உண்டு. எட்டு வயது மகள் கல்லூரியில் சேரும் நாளில் பழைய படகுக்குத் தவணை செலுத்திக்கொண்டிருப்பது நல்ல உக்கிராணத்துவம் என்று எனக்குத் தோன்றவில்லை. சேமிப்பிலிருந்து வாங்க இயலாவிட்டால், வாடகைக்கு எடுப்பதில் வெட்கமில்லை.

பார்த்து வாங்குங்கள்

அன்பினால் வாங்குகிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. நல்ல மனிதர் விற்கும் படகிலும் அவருக்கே தெரியாத குறை இருக்கலாம். நம் சகோதரர் அந்த நோட்டுப் புத்தகத்தை மதித்தார். ஆயினும் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்றார். உரிமையாளர் அதைத் தவறாக எண்ணவில்லை.

தளம் முழுவதும் வெறுங்காலால் நடந்து பாருங்கள்; மெத்தென்றிருக்கும் இடம் ஐயத்துக்குரியது. பான்டூன் தண்ணீரில் நிற்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; கரையேற்றிய பின் குழாயின் பற்றவைப்புகளிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதி எண்ணெயைச் சிறிது வடிக்கச் சொல்லுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படகின் பின்புறம் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். அது உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். முதியவர் உள்ள வீட்டார் வாயிற்கதவின் அகலத்தை அளவுநாடா கொண்டு அளந்து, வாக்கர் அல்லது சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். எல்லாப் பான்டூன்களின் கதவும் ஒரே அகலமன்று.

ஓட்டும்போது ஒருவரையும் வேலிக்கு வெளியே, முன்விளிம்பில், கால்களைத் தொங்கவிட்டு உட்கார விடாதீர்கள். அங்கிருந்து விழுபவர் படகுக்கு அடியில் சுழலியை நோக்கிச் செல்வார். படகு செல்லும்போது 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது நம் மாநிலச் சட்டம். அணிய வேண்டும் என்று முதியவர்களுக்குச் சட்டம் சொல்லாவிட்டாலும் அன்பு சொல்கிறது. இளையவர்கள் மோட்டார்ப் படகு ஓட்ட அனுமதிச் சான்று பெறும் விதி 2025 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளின் கையில் சக்கரத்தைக் கொடுக்குமுன் அதை முடித்துவிடுங்கள். ஏரியை விட்டுப் படகை எடுத்துச் செல்லும்போது வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வடித்துவிடுங்கள். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை அடுத்த ஏரிக்குப் பரவாதிருக்க இதுவும் சட்டமாக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாள் நீங்களும் விற்பீர்கள். அன்றைக்காக இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். குறையையும் அதில் எழுதுங்கள். அந்த ஆசிரியர் காட்டிய பக்கம், மின்னும் மெருகைவிட எங்களுக்கு அதிக நம்பிக்கை தந்தது.

நமக்கும் ஒரு கரை உண்டு

இந்தக் குடும்பம் பான்டூனை வாங்கிவிட்டது. டிரெய்லர் டயர்கள் தேய்ந்திருப்பதை மெக்கானிக் காட்டியதால் உரிமையாளர் விலையில் சிறிது குறைத்தார். மகன் இன்னும் முழு மனதோடு இல்லை. சென்ற சனிக்கிழமை கிழிந்த இருக்கையைப் புதிய துணியால் தைக்க அவன் உதவினான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் அவனிடமிருந்து எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. காலம் வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பின் எனக்கு ஒரு குற்றவுணர்வு எஞ்சுகிறது. நம் வெள்ளிக்கிழமை மாலைக் கூடுகையைக் கீழ்த்தளத்து அறையில் நடத்துகிறோம். அங்கே இறங்கப் பதினான்கு படிகள், லிஃப்ட் இல்லை. அந்த அறை பெரியது, சமையலறை அருகில் உள்ளது என்பதால் நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அன்றுமுதல் மூன்று முதியவர்கள் வருவதில்லை. “பரவாயில்லை ஐயா, நீங்கள் நடத்துங்கள்” என்று அவர்கள் சொன்னார்கள், நானும் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் படகைக் குறித்துக் கருத்துச் சொல்ல வந்த நான், என் சொந்தக் கரையில் யாரை நிறுத்தியிருக்கிறேன் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமைமுதல் நாம் மேல்தளத்தில் கூடுவோம். இடம் நெருக்கமாக இருக்கும். தேநீரைப் படியேற்றிக் கொண்டுவர வாலிபர்கள் கைகொடுக்க வேண்டும். அந்த மூவர் வீடுகளுக்கும் நானே சென்று அழைப்பேன்.

நீங்களும் இவ்வாரம் உங்கள் வீட்டில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். படகோ, காரோ, விடுமுறைப் பயணமோ, ஞாயிறு மதிய விருந்தோ, எதைத் திட்டமிட்டாலும், “நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிப் பழகிப்போன ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் போதகர்